கொள்ளுத்தாத்தாவின் ஊரை இணையத்தில் எப்படித் தேடுவது? கையில் இருப்பது ஓர் எண் மட்டும்

மரிட்ஸ்பர்க் பேத்தி:

எல்லோருக்கும் வணக்கம். நான் தென்னாப்பிரிக்கா, பீட்டர்மரிட்ஸ்பர்க், நார்த்டேல். நர்ஸ் வேலை, பெரும்பாலும் இரவுப் பணி. சனிக்கிழமை காலையில் கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லித் தருகிறேன்.

போன வருடம் அப்பா தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவருடைய அலமாரியை ஒழித்தபோது, அடித்தட்டில் ஒரு பழைய பேக்கர்ஸ் பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே தாத்தாவின் பிறப்புச் சான்றிதழ், 1925-ஆம் வருடத்தது. ரயில்வே பாராக்ஸ் முன்னால் எடுத்த மங்கலான போட்டோ ஒன்று, கோயில் ரசீதுகள், அப்புறம் உள்ளங்கை அளவுக்கு ஒரு கிழிந்த காகிதம். அதில் அச்சடித்த ஆங்கில வரி பாதியோடு நிற்கிறது. பக்கத்தில் மையால் எழுதிய ஐந்து இலக்க எண். பெயர் இல்லை. மடித்து மடித்து மடிப்பே விட்டுப்போய்விட்டது. மூன்று தலைமுறையாக ஒருவரும் அதைத் தூக்கி எறியவில்லை.

எங்கள் வீட்டுப் பெயர் முன்சாமி. கொள்ளுத்தாத்தாவின் பெயர்தான் பிறகு எங்கள் எல்லோருக்கும் வீட்டுப் பெயராகிவிட்டது. அவர் கப்பலில் வந்தவர். முதலில் தெற்குக் கரையில், உம்சிண்டோ பக்கம் கரும்புத் தோட்டம். பிறகு ரயில்வே. 1949-இல் இறந்தார். அவரை நேரில் பார்த்தவர்களில் இன்று மிச்சம் இருப்பது என் ஆயா மட்டும்தான், வயது 94. பதினேழு வயதில் மருமகளாக வந்து இரண்டு வருடம் மாமனாருக்குச் சோறு போட்டிருக்கிறார். ஆயாவுக்கு நினைவிருப்பவை மூன்று. அவர் நெற்றியில், புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு. சின்ன வயதில் மாடு முட்டியதாம். இரண்டாவது, எங்கள் குலதெய்வம் பச்சையம்மன், பக்கத்தில் முனிகள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினாலும் முதல் கற்பூரம் பச்சையம்மனுக்குத்தான். மூன்றாவது, ஊர் என்று கேட்டால் அவர் “மெட்ராஸ்” என்று மட்டும் சொல்வாராம்.

ஃபேமிலிசர்ச் தளத்தில் பெயரைத் தட்டிப் பார்த்தேன். நூற்றுக்கணக்கான முன்சாமிகள் வந்து நிற்கிறார்கள். வேறொரு இடத்தில் பணம் கட்டி ஒரு வம்சாவளி வாங்கினேன். வந்தது வேறொரு குடும்பத்தின் மரம். என் அத்தை மகன் மெட்ராஸ் என்ற அந்த ஒரு சொல்லை நம்பிச் சென்னைக்கே போய்ப் பத்து நாள் அலைந்துவிட்டு வந்தான். போன இடத்தில் எல்லாரும் “எந்த ஊர், எந்தத் தாலுகா?” என்று கேட்டிருக்கிறார்கள். அவனிடம் பதில் இல்லை.

இலவசமாகப் பார்க்கக்கூடிய நல்ல தளங்கள் எவை? கப்பல் பட்டியல் இணையத்தில் இருக்கிறது என்கிறார்களே, உண்மையா? இந்த எண்ணால் ஏதாவது பயன் உண்டா? எனக்கு அடையாள அட்டைக்காகவோ வேறு எதற்காகவோ வேண்டாம். ஆயா இருக்கும்போதே அந்த ஊரின் பெயரை அவர் காதில் சொல்ல வேண்டும்.

டோங்காட் பழைய வாத்தியார்:

அம்மா, முதல் வேலையாக அந்தக் கிழிந்த காகிதத்தை நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, உன் தம்பி தங்கைகள் எல்லாருக்கும் அனுப்பிவிடு. பிறகு பிளாஸ்டிக் உறையில் போட்டு வை. ஒட்டுநாடா ஒட்டாதே, அது வருடம் போகப் போகக் காகிதத்தைத் தின்றுவிடும். உன்னிடம் இருப்பது ஒப்பந்தம் முடித்தவர்களுக்குக் கொடுத்த விடுதலைச் சீட்டின் துண்டாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். எண்தான் அதில் உயிர். நீ பெயரைப் பிடித்துக்கொண்டு தேடுகிறாய். பெயரை விடு, எண்ணைப் பிடி.

ஏன் சொல்கிறேன் என்றால், 1860 நவம்பர் 16-ஆம் தேதி ‘ட்ரூரோ’ கப்பல் மெட்ராசிலிருந்து 342 பேரோடு டர்பனில் வந்து நின்றது முதல் 1911 வரை, 384 கப்பல் பயணங்களில் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு, அதாவது நாம் இருக்கும் இந்தப் பகுதிக்கு, வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அதைக் காலனி எண் என்பார்கள். கப்பலுக்குக் கப்பல் புதிதாக ஒன்றிலிருந்து எண்ணாமல் தொடர்ந்து எண்ணிக்கொண்டே போனார்கள். முனுசாமி ஆயிரம் பேர் இருக்கலாம், அந்த எண் ஒருவருக்குத்தான். தோட்டத்துக்காரன் கணக்கு, போலீஸ் கணக்கு, பிள்ளை பிறந்த கணக்கு, எல்லாவற்றிலும் ஆளை அந்த எண்ணை வைத்துத்தான் எழுதினார்கள். மனுஷனை எண்ணாக்கிய கொடுமைதான் அது. அந்த எண்ணே இன்று நமக்கு அவர்கள் வீட்டு வாசல் வரை வழிகாட்டுகிறது.

கப்பல் பட்டியல் உண்மைதான். மூலப் பதிவேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையம், வெஸ்ட்வில் வளாகத்தில் இருப்பது, அந்தப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறது. ஒரு வரியில் எவ்வளவு இருக்கிறது தெரியுமா? எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாணா (போலீஸ் சரகம்), கிராமம், உயரம் எத்தனை அடி எத்தனை அங்குலம், உடம்பில் உள்ள அடையாளம், எந்த முதலாளியிடம் அனுப்பினார்கள் என்பது வரை. உன் ஆயா சொன்ன நெற்றித் தழும்பு சும்மா வீட்டுக் கதை என்று தள்ளிவிடாதே. அடையாளம் என்ற பத்தியில் அது எழுதியிருக்கும்.

ஆனால் நேராகப் பட்டியலுக்குள் குதிக்காதே. இறந்த நாளிலிருந்து பின்னால் நடந்து போ. 1949 என்று சொன்னாய், நல்ல வேளை. ஃபேமிலிசர்ச்சில் பீட்டர்மரிட்ஸ்பர்க் சொத்துக் கோப்புகள் என்று ஒரு தொகுப்பு இருக்கிறது, 1846 முதல் 1950 வரை. கணக்கு தொடங்கினால் போதும், காசு கிடையாது. சில படங்களை மட்டும் அவர்கள் மையத்துக்குப் போய்த்தான் பார்க்க முடியும். நம் நாட்டில் ஒருவர் இறந்தால் மரண அறிவிப்பு என்று ஒரு படிவம் நிரப்ப வேண்டும் அல்லவா? பிறந்த இடம், தாய் தகப்பன் பெயர், மனைவி, பிள்ளைகள் எல்லாம் அதில் வரும். சொத்து என்று ஒரு சைக்கிளும் இரண்டு கோழியும்தான் இருந்தது என்றாலும் பார். பிள்ளைகளின் பெயர் வரிசை அதில் இருந்தால் அது உன் ஆள்தானா என்று ஐயமில்லாமல் தெரிந்துவிடும். ஒன்று நினைவில் வை. அதை நிரப்பியவர் துக்கத்தில் இருந்த மகன். தெரியாததை விட்டிருப்பார், அரைகுறையாகத் தெரிந்ததை எழுதியிருப்பார்.

பெயரைத் தட்டும் முறை: அந்தக் காலத்து கிளார்க் காதில் விழுந்ததை எழுதினான். முனுசாமி என்ற ஒரே பெயர் முன்சாமி, மூன்சாமி, முனிசாமி, மூனிசாமி என்று நாலு விதமாக வரும். ஆங்கிலத்தில் ‘யு’ போட்டும் பார், இரண்டு ‘ஓ’ போட்டும் பார். கடைசியில் ‘ஐ’யா ‘ஒய்’யா என்பதும் மாறும். ஃபேமிலிசர்ச்சில் சந்தேகமான எழுத்து இருக்கும் இடத்தில் நட்சத்திரக் குறி போட்டால் எல்லா விதமும் சேர்ந்து வரும். அண்ணன் தம்பிக்கே வேறு வேறு வீட்டுப் பெயர் இருக்கும், அதில் குழம்பாதே. ஒருவன் தகப்பன் பெயரைக் கொடுத்திருப்பான், இன்னொருவன் சாதிப் பட்டத்தைக் கொடுத்திருப்பான். பிள்ளை, நாயுடு, கவுண்டர், முதலியார் என்று நம்மூர் டெலிபோன் புத்தகத்தில் பக்கம் பக்கமாக இருப்பதெல்லாம் அப்படி நிலைத்ததுதான்.

அடுத்தது தேசிய ஆவணக் காப்பகத்தின் தேடுதளம், என்.ஏ.ஏ.ஐ.ஆர்.எஸ். என்பார்கள். அது ஆவணத்தைக் காட்டாது. எந்த ஆவணம், எந்தப் பெட்டியில் என்று அட்டவணையை மட்டும் காட்டும். தொகுப்புகளில் என்.ஏ.பி. என்பதைத் தேர்ந்தெடு, அது உன் ஊர்க் காப்பகம்தான், பீட்டர்மரிட்ஸ் தெருவில். தேடும் இடத்தில் பெயரைப் போடாமல் அந்த எண்ணை மட்டும் போட்டுப் பார். இந்தியக் குடியேறிகளின் காவலர் என்று ஓர் அதிகாரி இருந்தார், அவருடைய அலுவலகக் கோப்புகளுக்கு ‘ஐ ஐ’ என்று குறி. புகார், மனு, கல்யாணம், ஊருக்குத் திரும்பக் கப்பல் கேட்பது எல்லாம் அதில் இருக்கும்.

என் குடும்பத்துக் கதையைச் சொல்கிறேன். என் பாட்டனாரின் எண்ணை அதில் போட்டபோது ஒரே ஒரு வரி வந்தது. காப்பகத்துக்குப் போய்க் கோப்பை எடுக்கச் சொன்னேன். அடுத்த தோட்டத்தில் இருந்த அக்காவைப் பார்க்க இரண்டு நாள் லீவு கேட்டு அவர் கொடுத்த மனு. அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனால் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள், அந்தக் காலம் அது. மனுவை யாரோ ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். அடியில் இவர் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறார். மை கொஞ்சம் அதிகமாகப் பட்டுப் பரவியிருந்தது. நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கையெழுத்து திருத்தியவன் நான். அந்த ஒரு குறியைப் பார்த்துவிட்டு அன்றைக்கு அங்கேயே அழுதேன்.

அப்புறம், கல்லறைப் படங்கள் பார்க்க இஜிஜிஎஸ்ஏ தளம் இருக்கிறது. நம்மவர்கள் எல்லாரையும் எரித்துவிடவில்லை, அந்தக் காலத்தில் நிறையப் பேரைப் புதைத்தார்கள். தேடிப் பார்ப்பதில் தப்பில்லை, ஆனால் கூலியாக வந்தவருக்குக் கல் வைத்திருக்க வேண்டுமே.

லெனேசியா அக்கா:

வாத்தியார் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இதைப் பின்னால் படிப்பவர்களுக்குப் பயன்படும். எல்லாரும் கூலியாக வந்தவர்கள் இல்லை. சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்தவர்களும் உண்டு. எங்கள் குடும்பம் அப்படித்தான். அவர்களுக்குக் காலனி எண் கிடையாது, கூலிக் கப்பல் பட்டியலிலும் பெயர் வராது. இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் ஒரு வருடம் அந்தப் பட்டியலிலேயே கிடந்தேன். டிரான்ஸ்வால் பக்கம், அதாவது ஜோபர்க், பிரிட்டோரியா பக்கம் வந்துவிட்டவர்கள் என்றால் என்.ஏ.ஏ.ஐ.ஆர்.எஸ். தளத்தில் டி.ஏ.பி. தொகுப்பைப் பாருங்கள், அது பிரிட்டோரியாவில் உள்ளது.

1903-இல் காந்தி இங்கே தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகையின் பழைய இதழ்களைக் காந்தி ஹெரிடேஜ் போர்ட்டலில் வீட்டிலிருந்தே படிக்கலாம். ஆரம்ப வருடங்களில் அதில் தமிழ்ப் பக்கமும் உண்டு. சத்தியாக்கிரகத்தில் சிறைக்குப் போனவர்களின் பெயர்கள் அதில் வரும், தமிழர் பெயர்கள் ஏராளம். என் அம்மாவின் பெரிய தாத்தா பெயரை அங்கேதான் பார்த்தேன். பக்கத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததில் விடிந்தே போயிற்று.

மரிட்ஸ்பர்க் பேத்தி:

ஐயா, அக்கா, ரொம்ப நன்றி. எண்ணை இப்போதே தேடிவிட்டேன், ஆனால் பொருந்தவில்லை. அந்த எண்ணில் வருவது ஒரு விசாகப்பட்டினத்துக்காரர், வயது 35, பெயரும் வேறு. எங்கள் வீட்டில் தெலுங்கு கிடையாது. சீட்டே எங்களுடையது இல்லையோ என்று மனசு உடைந்துவிட்டது.

டோங்காட் பழைய வாத்தியார்:

அவசரப்படாதே. சீட்டில் உள்ள எண்களை ஒவ்வொன்றாகப் பார். பழைய கையெழுத்தில் 1-க்கும் 7-க்கும் வித்தியாசம் தெரியாது, 3-க்கும் 8-க்கும் தெரியாது. மடிப்பு எந்த எண்ணின் மேல் ஓடுகிறது? அங்கேதான் தப்பு இருக்கும். மாற்றி மாற்றிப் போட்டுப் பார். ஒன்று கிடைத்தால் அதற்கு முன்னும் பின்னும் பத்து எண்ணையும் சேர்த்துப் பார். குடும்பமாக வந்தவர்களை அடுத்தடுத்த எண்ணில்தான் எழுதுவார்கள்.

ஆற்காட்டுத் தம்பி, ஜோபர்க்:

அக்கா வணக்கம். எனக்குச் சொந்த ஊர் ஆற்காடு பக்கம், ஆறு வருடமாக ஜோகன்னஸ்பர்க்கில் வேலை. உங்கள் கேள்வியில் பச்சையம்மன் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் மெட்ராஸ் விஷயம். உங்கள் கொள்ளுத்தாத்தா பொய் சொல்லவில்லை. கப்பல் ஏறிய துறைமுகம் மெட்ராஸ், அவர் ஊர் இருந்த மாகாணத்துக்கும் பெயர் மெட்ராஸ். வடக்கே ஒரிசா ஓரத்திலிருந்து தெற்கே திருநெல்வேலி வரை அப்போது மெட்ராஸ் மாகாணம்தான். ஆகவே மரண அறிவிப்பில் மெட்ராஸ் என்று இருந்தால் சென்னை நகரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

குலதெய்வம் எங்களுக்கு முகவரி மாதிரி. மாரியம்மன் எல்லா ஊரிலும் இருப்பாள், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் முனிகள் காவல் நிற்கும் பச்சையம்மன் என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது எங்கள் வட ஆற்காட்டுப் பக்கம்தான். வாழைப்பந்தலில் ஒரு பச்சையம்மன் கோயில், ஆரணிப் பக்கம் முனுகப்பட்டில் ஒன்று, இரண்டும் பேர்பெற்றவை. வாமுனி, செம்முனி என்று சுதையில் ஆள் உயரத்துக்கும் மேலே உட்கார்ந்திருப்பார்கள். சுற்று வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு அவள்தான் குலதெய்வம், பிள்ளைக்கு அங்கேதான் மொட்டை. முனுசாமி என்று பேர் வைக்கும் வழக்கமும் அங்கே அதிகம். உங்கள் வீட்டுப் பெயரும் குலதெய்வமும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

பட்டியலில் ஜில்லா பெயர் கிடைத்ததும் இன்றைய வரைபடத்தில் அப்படியே தேடாதீர்கள். பழைய வட ஆற்காடு இன்று வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பிரிந்து கிடக்கிறது. 1911-இல் சித்தூர் மாவட்டத்தை உருவாக்கியபோது வட ஆற்காட்டின் வடபகுதி அதில் போய்விட்டது, இன்று அது ஆந்திரம். ஆகவே கப்பல் பட்டியலில் வட ஆற்காடு என்று இருந்தாலும் ஊர் ஆந்திராவில் இருக்கலாம். திருவண்ணாமலைத் தாலுகாவே அந்தக் காலத்தில் தென் ஆற்காட்டில்தான் இருந்தது. செங்கல்பட்டு, தஞ்சாவூர், சேலம் எல்லாவற்றுக்கும் இதே கதை.

இதைப் பார்க்க இரண்டு இடம் சொல்கிறேன். சிகாகோ பல்கலைக்கழகத்தின் டிஜிட்டல் சவுத் ஏசியா லைப்ரரியில் 1908-ஆம் வருடத்து இம்பீரியல் கெசட்டியர் முழுவதும் இருக்கிறது. எந்தத் தாலுகா எந்த ஜில்லாவில் இருந்தது என்று அதில் தெரியும். இன்டர்நெட் ஆர்க்கைவில் 1881-இல் வந்த வட ஆற்காடு மாவட்ட மேனுவல் இருக்கிறது, காக்ஸ் என்ற அதிகாரி எழுதியது. அந்தக் காலத்து ஊர்ப்பெயர் எழுத்துக்குக் கண் பழக அதைப் புரட்டினாலே போதும். வந்தவாசியை வாண்டிவாஷ் என்று எழுதியவர்கள் ஒரு குக்கிராமத்தை எப்படி எழுதியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கண்ணால் படிக்காதீர்கள், வாய்விட்டுப் படியுங்கள். முடிந்தால் ஆயாவிடம் படித்துக் காட்டுங்கள், அவர் காது பிடித்துக்கொள்ளும்.

போர்ட் லூயிஸ்:

மொரீஷியஸிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் தேடுபவர்களுக்கு மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிலையம்தான் முதல் படி, இந்தியக் குடியேற்றப் பதிவேடுகள் அங்கே இருக்கின்றன. பலருடைய போட்டோவும் உண்டு. இங்கே வேலை செய்துவிட்டு நேட்டாலுக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். உங்கள் பட்டியலில் ஆள் அகப்படவே இல்லை என்றால் எங்கள் பக்கமும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். ரீயூனியன் சொந்தங்களுக்கு: பிரான்சின் கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகம் பழைய பிறப்பு, கல்யாண, இறப்புப் பதிவுகளை இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது.

மரிட்ஸ்பர்க் பேத்தி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். வார்டில் ஆள் குறைவு, உட்கார நேரம் கிடைக்கவில்லை. ஆனால் கிடைத்துவிட்டார்.

வாத்தியார் ஐயா சொன்னது சரி. மடிப்பு இரண்டாவது எண்ணின் மேல் ஓடுகிறது. நான் 7 என்று படித்தது 1. கைபேசி விளக்கைக் காகிதத்தின் பின்னால் பிடித்தபோது மேலே இருந்த கோடு மையில் இல்லை, அது மடிப்பின் அழுக்கு என்று தெரிந்தது. திருத்திப் போட்டேன். பெயர் இரண்டு ‘ஓ’ போட்டு மூன்சாமி. வந்த வருடம் 1890, வயது 20. மெட்ராசிலிருந்து வந்த கப்பல். ஜில்லா வட ஆற்காடு, தாணா போளூர். அடையாளம்: நெற்றியில் தழும்பு. அந்த மூன்று சொல்லைப் படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். விடியற்காலை நாலு மணி, வீட்டில் யாரையும் எழுப்ப முடியவில்லை.

1949 மரண அறிவிப்பும் ஃபேமிலிசர்ச்சில் கிடைத்தது. பிறந்த இடம் மெட்ராஸ் என்றுதான் இருக்கிறது, தம்பி சொன்ன மாதிரியே. தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. ஆனால் பிள்ளைகள் வரிசையில் ஏழு பேர், கடைசியில் என் தாத்தா. கப்பல் பட்டியலில் தகப்பன் பெயர் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாத பெயர். இங்கே எழுதாமல் வைத்துக்கொள்கிறேன், முதலில் ஆயாவின் பிள்ளைகள் எல்லாருக்கும் சொல்லிவிட்டு.

இனிமேல்தான் முக்கியமானது. முன்னும் பின்னும் பத்து எண் பார்க்கச் சொன்னீர்கள். அடுத்த எண்ணே ஒரு பையன். வயது 11. அதே தகப்பன் பெயர், அதே ஊர். தம்பி! கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இருவரையும் ஒரே முதலாளியிடம்தான் அனுப்பியிருக்கிறார்கள். தம்பியின் வரியில் குறிப்பு என்ற இடத்தில் இந்தியாவுக்குத் திரும்பினார் என்று இருக்கிறது, வருடம் 1901. அண்ணன் வரியில் அப்படி எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆயாவிடம் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: புரட்டாசிப் படையலில் மாமனார் எப்போதும் ஓர் இலை கூடப் போடச் சொல்வாராம். யாருக்கு என்று கேட்டால் “சின்னவனுக்கு” என்பாராம். இவர்கள் எல்லாரும் சிறு வயதில் செத்துப்போன ஏதோ பிள்ளை என்று நினைத்துக்கொண்டார்களாம். அவர் இறந்த பிறகு மாமியார் அந்த இலையை நிறுத்திவிட்டாராம். ஆயா என்னிடம், “நாங்க கேக்கல பாரு, கேட்டிருக்கணும்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஊர்ப் பெயர் மட்டும் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. கடைசியில் ‘மங்கலம்’ என்று தெளிவாக இருக்கிறது. முன்பகுதியில் கிளார்க் எழுத்தை அடித்து எழுதியிருக்கிறான். வாய்விட்டுப் பத்து விதமாகப் படித்துக் காட்டினேன், ஆயாவுக்கு எதுவும் பிடிபடவில்லை. அவர் மாமனார் ஊர்ப் பெயரைச் சொன்னதே இல்லையே.

ஆற்காட்டுத் தம்பி, ஜோபர்க்:

அக்கா, போளூர்! பச்சையம்மன் சரியான பக்கம்தான் காட்டியிருக்கிறாள். மங்கலம் என்று முடிகிற ஊர்கள் எங்கள் பக்கம் நிறைய. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராமப் பட்டியலில் போளூரையும் அதைச் சுற்றி இருக்கும் தாலுகாக்களையும் எடுத்து, மங்கலம் ஊர்களை மட்டும் எழுதுங்கள். பழைய போளூர்த் தாலுகாவே இன்று பிரிந்திருக்கிறது, ஆகவே ஆரணி, சேத்துப்பட்டு, கலசப்பாக்கம் பக்கமும் பாருங்கள். அந்தப் பட்டியலோடு பதிவேட்டின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள். கணினியில் ஏற்றியவர் தட்டியதை நம்பாமல் மூலப் பதிவேட்டில் முதல் எழுத்து என்ன என்று பார்த்துவிட்டால் பத்து ஊர் இரண்டாகிவிடும். என் பெரியம்மாவைக் கொடுத்திருப்பது போளூரில்தான். தம்பி 1901-இல் திரும்பிப் போயிருந்தால் அங்கே பேரன் பேத்திகள் இருப்பார்கள். நேட்டாலுக்குப் போய் வந்தவர் குடும்பம் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருக்கலாம். கப்பலுக்குப் போனவன் வீடு என்று பேரே இருக்கும் ஊர்கள் உண்டு.

டோங்காட் பழைய வாத்தியார்:

அம்மா, படித்தேன். இரண்டு முறை படித்தேன். தம்பியின் எண்ணையும் என்.ஏ.ஏ.ஐ.ஆர்.எஸ். தளத்தில் போட்டுவிட்டுத்தான் காப்பகத்துக்குப் போ. பதினொரு வயதுப் பையன் வளர்ந்து பதினொரு வருடம் இங்கே இருந்திருக்கிறான். திரும்பக் கப்பல் கேட்டு மனு கொடுத்திருந்தால் அதில் ஊர் எழுதியிருக்கும், வேறு கிளார்க்கின் கையால். இரண்டு கிளார்க் இரண்டு விதமாகத் தப்பாக எழுதியிருந்தால் நடுவில் சரியான பெயர் கிடைத்துவிடும். பென்சில் கொண்டு போ, பேனா உள்ளே விட மாட்டார்கள்.

மரிட்ஸ்பர்க் பேத்தி:

தம்பியின் எண்ணில் ‘ஐ ஐ’ கோப்பு ஒன்று வருகிறது ஐயா. வருடம் 1901. பெட்டி எண்ணைக் குறித்துக்கொண்டேன். வியாழக்கிழமை எனக்கு ஓய்வு நாள், காலையிலேயே பீட்டர்மரிட்ஸ் தெருவுக்குப் போகிறேன். ஆற்காட்டுத் தம்பி, மங்கலம் ஊர்கள் இதுவரை ஒன்பது எழுதியிருக்கிறேன், இன்று இரவு அனுப்புகிறேன். பெரியம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

ஆயா ஒன்று சொல்லச் சொன்னார். இந்தப் புரட்டாசியில் அந்த இலையைத் திரும்பப் போடப் போகிறோம். கொழுக்கட்டையும் முருங்கைக்கீரையும் ஆயாவே சொல்லிச் செய்யச் சொல்கிறார். கோப்பில் என்ன இருந்தாலும் வியாழன் ராத்திரி வந்து இங்கே எழுதுகிறேன்.